ஜி41 மதர்போர்டில் 4 ஜிபி ரேம் போட்டால் 2 ஜிபி என்றே காட்டுகிறது

பழையபெட்டி:

வணக்கம். என் மேசைக்கணினியில் கோர் 2 டூவோ செயலியும் இன்டெல் ஜி41 சிப்செட் கொண்ட மதர்போர்டும் இருக்கின்றன. டிடிஆர்3 ஸ்லாட்டுகள் இரண்டு மட்டுமே. இத்தனை ஆண்டுகளாக அவற்றில் தலா 1 ஜிபி ரேம் இருந்தது. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கிவிடும் என்பதால் ரேமைக் கூட்டலாம் என்று முடிவு செய்தேன்.

மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அதில் அதிகபட்சம் 8 ஜிபி என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே டிடிஆர்3-1600 வகையில் 4 ஜிபி ஸ்டிக் இரண்டை வாங்கி, பழையவற்றைக் கழற்றிவிட்டுப் பொருத்தினேன். இரண்டையும் போட்டால் பீப் ஒலி கேட்கிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. ஒன்றை மட்டும் போட்டால் கணினி எழுகிறது, ஆனால் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்) அதை 2 ஜிபி என்கிறது. இரண்டு ஸ்டிக்குகளையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தேன், ஸ்லாட்டையும் மாற்றிப் பார்த்தேன், விளைவு ஒன்றேதான். நண்பருடைய சற்றே புதிய கணினியில் இதே ஸ்டிக்குகள் 4 ஜிபி என்று சரியாகக் காட்டுகின்றன, எனவே இவை பழுதானவை என்று சொல்ல முடியவில்லை. கையேடு சொன்ன அளவுக்குள்தானே வாங்கினேன், பிறகு ஏன் இப்படி?

இரவுப்பணி:

வேகம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் சிப்செட்டுக்கு இன்டெல் குறித்த உச்ச வேகம் டிடிஆர்3-1066. நீங்கள் வாங்கியது 1600. அவ்வளவு வேகமான ரேமை அந்த போர்டால் ஓட்ட முடியாமல் தடுமாறுகிறது. 1066 அல்லது அதிகம் போனால் 1333 ரேமாகத் தேடி வாங்குங்கள். டிடிஆர்3 என்றால் எல்லாம் ஒன்றுதான், வேகம் மட்டும் ஒத்துப்போனால் போதும்.

சில்லுமேசை:

இரவுப்பணி சொல்வதில் உச்ச வேகம் 1066 என்பது மட்டும் சரி, மற்றதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற மிகச் சிறிய சில்லு ஒன்று இருக்கிறது. அந்த ஸ்டிக் எந்தெந்த வேகத்தில், எந்தெந்த நேர அளவுகளில் ஓடும் என்ற பட்டியல் அதில் பதிந்திருக்கும். கணினி எழும்போது பயாஸ் அதைப் படித்து, போர்டால் எட்டக்கூடிய வேகத்துக்கு ரேமை இறக்கி வைக்கும். 1600 ரேம் 1066இல் ஓடுவதில் எந்தத் தடையும் இல்லை. வேறு வேறு வேகமுள்ள இரண்டு ஸ்டிக்குகளைச் சேர்த்துப் போட்டாலும் இரண்டும் மெதுவான ஒன்றின் வேகத்துக்கு இறங்கும், அவ்வளவே. தவிர, வேகச் சிக்கல் என்றால் கணினி எழாமல் போகலாம், இடையில் உறையலாம். 4 ஜிபி என்பது மிகத் துல்லியமாகப் பாதியாகக் குறைந்து 2 ஜிபி என்று தெரியாது. அந்தப் பாதிதான் இங்கே துப்பு.

பழையபெட்டி அவர்களே, இரண்டு தகவல்கள் வேண்டும். புதிய ஸ்டிக்கில் கறுப்புச் சில்லுகள் எத்தனை, அவை ஒரு பக்கம் மட்டும் இருக்கின்றனவா, இரு பக்கமும் இருக்கின்றனவா? அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எழுத்துகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பழைய 1 ஜிபி ஸ்டிக்குக்கும் அதே தகவல் இருந்தால் நல்லது.

பழையபெட்டி:

புதியதில் ஒரு பக்கம் எட்டுச் சில்லுகள், மறுபக்கம் வெறுமை. தாளில் உள்ளது: 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு. பழையதிலும் ஒரு பக்கம் எட்டுச் சில்லுகள்தான். அதில் 1ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-8500யு என்று இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கின்றன.

சில்லுமேசை:

நினைத்தது சரிதான். சற்று நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் அடுத்த ரேமை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

முதலில் அந்த எழுத்துகள். பிசி3 என்பது டிடிஆர்3 என்பதைக் குறிக்கும். 12800 என்பது ஒரு நொடியில் கடத்தக்கூடிய மெகாபைட் அளவு. ரேமின் தரவுப் பாதை 64 பிட், அதாவது 8 பைட் அகலம் என்பதால் 1600ஐ எட்டால் பெருக்கினால் அந்த எண் வரும். உங்கள் பழைய 8500 அதே கணக்கில் 1066. கடைசியில் உள்ள யு என்ற எழுத்து, சாதாரண மேசைக்கணினிக்கான ரேம் என்பதைச் சொல்கிறது. இவை எல்லோரும் பார்த்து வாங்குபவை. யாரும் கண்ணெடுத்துப் பார்க்காதது நடுவில் இருக்கும் 1ஆர்எக்ஸ்8. உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அதில் எட்டு என்பது ஒவ்வொரு சில்லும் ஒரே நேரத்தில் தரும் பிட்டுகளின் எண்ணிக்கை. 64 பிட் பாதையை நிரப்ப இத்தகைய சில்லுகள் எட்டு வேண்டும். அந்த எட்டும் சேர்ந்த தொகுதியை ரேங்க் என்பார்கள். 1ஆர் என்றால் அந்த ஸ்டிக்கில் ஒரே ஒரு ரேங்க். ஆக, உங்கள் 4 ஜிபி முழுவதும், அதாவது 32 ஜிகாபிட், எட்டே சில்லுகளில் அடங்க வேண்டும். ஒவ்வொரு சில்லும் 4 ஜிகாபிட் கொண்டது. இதே 4 ஜிபியைப் பதினாறு சில்லுகளில், ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட்டாக, இரண்டு ரேங்க்காகவும் செய்யலாம். அந்த ஸ்டிக்கில் 2ஆர்எக்ஸ்8 என்று எழுதியிருக்கும். இரண்டுக்கும் கொள்ளளவு ஒன்று, வேகம் ஒன்று, கடையில் சொல்லும் பெயரும் ஒன்றே. ஆனால் ஜி41 சிப்செட்டுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல.

ஒரு சில்லுக்குள் தரவு வரிசைகளாகவும் பத்திகளாகவும் அடுக்கப்பட்டிருக்கிறது. எட்டு பிட் அகலமுள்ள 2 ஜிகாபிட் டிடிஆர்3 சில்லில் 32,768 வரிசைகள்; அவற்றில் ஒன்றைச் சுட்ட 15 முகவரி பிட்டுகள் போதும். 4 ஜிகாபிட் சில்லில் வரிசைகள் இரு மடங்கு, 65,536. அதைச் சுட்ட 16 பிட்டுகள் வேண்டும். ஜி41 சிப்செட் 2008இல் வந்தது. அதன் நினைவகக் கட்டுப்பாட்டகம், அதாவது ரேமோடு பேசும் பகுதி, 1 ஜிகாபிட், 2 ஜிகாபிட் சில்லுகளுக்கென்று வடிவமைக்கப்பட்டது. பதினாறாவது பிட்டை அதனால் பயன்படுத்தவே முடியாது. எனவே உங்கள் புதிய ஸ்டிக்கின் மேல்பாதி வரிசைகளை அது எட்டுவதே இல்லை, கீழ்ப்பாதியை மட்டும் கண்டு 2 ஜிபி என்கிறது. மாடி இருக்கிறது, படிக்கட்டு இல்லை என்பது போல. சில போர்டுகளில் பயாஸ் இந்தப் பாதியையும் ஒப்புக்கொள்ளாமல் பீப் அடித்து நின்றுவிடும். நீங்கள் இரண்டு ஸ்டிக் போட்டபோது நடந்தது அதுதான்.

கையேடு பொய் சொல்லவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் இரண்டு ரேங்க், ரேங்க்குக்கு எட்டுச் சில்லு, சில்லுக்கு 2 ஜிகாபிட்: பெருக்கினால் 64 ஜிகாபிட், அதாவது 8 ஜிபி. கையேடு எழுதியவர்கள் இந்தக் கணக்கில்தான் 8 என்று போட்டார்கள். எந்தச் சில்லால் அந்த 8 வர வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

இரவுப்பணி:

ஒப்புக்கொள்கிறேன், வேகத்தைக் குறை சொன்னது என் அவசரம். ஆனால் ஒரு சந்தேகம். கட்டுப்பாட்டகம்தான் தடை என்றால், இதே போர்டில் கோர் 2 குவாட் போன்ற பெரிய செயலியைப் போட்டால் தீருமா? பயாஸைப் புதுப்பித்தால்?

சில்லுமேசை:

இரண்டாலும் தீராது. கோர் 2 காலத்து இன்டெல் கணினிகளில் நினைவகக் கட்டுப்பாட்டகம் செயலிக்குள் இல்லை, மதர்போர்டில் உள்ள சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003இலேயே அதைச் செயலிக்குள் கொண்டுபோய்விட்டது. இன்டெல் 2008 இறுதியில் வந்த முதல் கோர் ஐ7இலிருந்துதான் அந்த வழிக்கு வந்தது. எனவே எந்த ரேம் ஒத்துவரும் என்று கேட்கும்போது, பழைய இன்டெல் பெட்டியானால் சிப்செட்டின் பெயரையும், அதற்குப் பிந்தையதானால் செயலியின் பெயரையும் முதலில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இன்டெல் எச்61 சிப்செட் கொண்ட போர்டு ஒன்றில் இரண்டாம் தலைமுறை கோர் செயலி இருந்தால் அதிகாரபூர்வ வேகம் 1333. அதே போர்டில் மூன்றாம் தலைமுறை செயலியைப் போட்டால் 1600.

பயாஸ் புதுப்பிப்பு சில இடங்களில் உண்மையாகவே உதவும். எஸ்பிடியைத் தவறாகப் படிப்பது, நேர அளவுகளைத் தவறாக வைப்பது போன்ற குறைகள் அதில் தீரும். வன்பொருளில் இல்லாத முகவரிக் கம்பியை மென்பொருளால் இழுத்துக் கட்ட முடியாது.

இரவுப்பணி:

அப்படியானால் வாங்குபவருக்கு விதி எளிமையாகிவிட்டது. 4 ஜிபி ஸ்டிக்கில் இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வேண்டாம். சரிதானே?

தொடுமுனை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த விதியை நம்பித்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன், ஆகவே சொல்லியே ஆக வேண்டும்.

பழைய போர்டுகளுக்கு என்று இணையத்தில் மலிவாக விற்கப்படும் 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகளில் ஒரு வகை உண்டு. அவற்றிலும் பதினாறு சில்லுகள் இருக்கும், ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட்தான். விளம்பரத்தின் ஏதோ ஒரு மூலையில் ஏஎம்டிக்கு மட்டும் என்று சிறிதாக எழுதியிருப்பார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் வெறும் விற்பனைப் பேச்சு என்று நினைத்திருப்பேன். அந்தச் சில்லுகள் எட்டு பிட் அகலம் கொண்டவை அல்ல, நான்கு பிட் அகலம் கொண்டவை. 64 பிட் பாதையை நிரப்ப அவற்றுக்குப் பதினாறும் தேவை. அதாவது அந்தப் பதினாறும் சேர்ந்தே ஒரே ரேங்க். நான்கு பிட் சில்லில் பத்தியைச் சுட்ட 11 பிட்டுகள் வேண்டும், எட்டு பிட் சில்லுக்கு 10 போதும். ஏஎம்டியின் ஏஎம்3 காலத்துச் செயலிகள் அதைக் கையாளும். இன்டெல்லின் மேசைக்கணினிக் கட்டுப்பாட்டகங்கள் எட்டு, பதினாறு பிட் சில்லுகளைத்தான் ஏற்கும், நான்கை ஏற்காது. என் போர்டில் அந்த ஸ்டிக் எழவே இல்லை.

ஆகவே சில்லுகளை எண்ணுவது பாதி வேலைதான். தாளில் 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளே இல்லாத ஸ்டிக்காக இருந்தால், சில்லின் மேல் பொறித்திருக்கும் எண்ணைத் தேடி அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளலாம். 256எம்எக்ஸ்8 என்றால் ஜி41க்கு ஆகும், 512எம்எக்ஸ்4 என்றால் ஆகாது. விற்பவரிடம் ஸ்டிக்கின் இரு பக்கப் படத்தையும் எழுத்துகள் தெரியும்படி கேட்டு வாங்குங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கொள்கை.

இன்னொன்று, சர்வரிலிருந்து கழற்றிய ரேம். அதில் எண்ணின் முடிவில் யு இருக்காது, ஆர் இருக்கும். டிடிஆர்3ஐப் பொறுத்தவரை அதற்கும் 240 தொடுமுனைகள், விளிம்பில் உள்ள வெட்டும் அதே இடத்தில். ஆகவே ஸ்லாட்டில் சுகமாக உட்காரும், கணினி மட்டும் எழாது. ஸ்லாட்டில் பொருந்துகிறது என்பதற்காக ஒத்துப்போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. டிடிஆர்2க்கும் டிடிஆர்3க்கும் தொடுமுனைகள் 240தான் என்றாலும் வெட்டு இடம் மாறியிருப்பதால் அங்கே ஸ்லாட்டே தடுத்துவிடும், முதலாவதுக்கு 1.8 வோல்ட், இரண்டாவதுக்கு 1.5 வோல்ட். சர்வர் ரேமுக்கு அப்படித் தடுப்பு எதுவும் இல்லை.

இரவுப்பணி:

நல்லவேளை, நான் சொன்ன விதியை யாரும் நம்பி வாங்குவதற்கு முன் வந்தீர்கள்.

மூன்றாம்தலைமுறை:

எச்61 பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என்னிடம் இருப்பது அந்த போர்டுதான், மூன்றாம் தலைமுறை கோர் ஐ5. ஸ்லாட் இரண்டு, இப்போது 4 ஜிபி ஸ்டிக் ஒன்று. 16 ஜிபி வேண்டும். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக டிடிஆர்3இல் கிடைக்கிறது. இப்போதைக்கு அதில் ஒன்றைப் போட்டுவிட்டு, பின்னர் இன்னொன்றைச் சேர்க்கலாமா? தேடும்போது டிடிஆர்3எல் என்று ஒரு வகை கண்ணில் படுகிறது, அது என்ன?

சில்லுமேசை:

அதே கதை ஒரு படி மேலே நடக்கிறது. 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கைச் சாதாரண முறையில் செய்ய 8 ஜிகாபிட் சில்லுகள் பதினாறு வேண்டும். உங்கள் செயலியின் கட்டுப்பாட்டகம் 4 ஜிகாபிட் சில்லு வரைதான் அறியும். ஆகவே ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி என்பதே உங்கள் எல்லை. 8 ஜிபி ஸ்டிக் இரண்டை வாங்குங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருந்தால் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்குகளோடும் ஒரே நேரத்தில் பேசும் முறையில் ஓடும், செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பணத்தைப் பிரித்துச் செலவிட வேண்டுமானால், இருக்கும் 4 ஜிபியோடு ஒரு 8 ஜிபியைச் சேர்த்து 12 ஜிபியாக ஓட்டலாம். முதல் 8 ஜிபி இரட்டைச் சேனலிலும் மிச்சம் ஒற்றைச் சேனலிலும் ஓடும்.

டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது. அதை 1.5 வோல்ட் போர்டிலும் பயன்படுத்தலாம் என்று தரநிலையே சொல்கிறது, ஆகவே உங்களுக்குத் தடையில்லை. எதிர்த்திசையில்தான் எச்சரிக்கை வேண்டும்: ஆறாம் தலைமுறை கோர் செயலிகளுக்கான சில போர்டுகளில் டிடிஆர்3எல் ஸ்லாட் உண்டு. இன்டெல் அங்கே 1.35 வோல்ட் ரேமை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறது. பழைய 1.5 வோல்ட் ஸ்டிக் கையில் இருக்கிறதே என்று அதில் செருகக் கூடாது, நாளடைவில் செயலியே பாதிக்கப்படலாம்.

பழையபெட்டி அவர்களுக்கு ஒரு வார்த்தை: டிடிஆர்3எல் ஸ்டிக்குகள் பெரும்பாலும் 4 ஜிகாபிட் சில்லுகளில் செய்யப்பட்டவை. மின்னழுத்தத்துக்காக அல்ல, அந்தக் காரணத்துக்காக நீங்கள் அவற்றை ஒதுக்குவது நல்லது.

பழையபெட்டி:

மிக்க நன்றி. 1066இல் ஓடினால் 1600ஐ விட மிகவும் மந்தமாக இருக்குமோ என்ற கவலை மட்டும் மிச்சமிருக்கிறது.

தொடுமுனை:

அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். 1066 ரேம் வழக்கமாக சிஎல்7இல் ஓடும், 1600 ரேம் சிஎல்11இல். சிஎல் என்பது கேட்ட தரவு வரும் வரை காத்திருக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. துடிப்பின் நீளத்தால் பெருக்கிப் பார்த்தால் முதலாவதுக்கு ஏறத்தாழ 13.1 நானோ விநாடி, இரண்டாவதுக்கு 13.75. காத்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு நொடியில் கடத்தும் அளவு குறையும் என்பது உண்மை, ஆனால் இப்போது ரேம் போதாமல் ஹார்டு டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அதைவிட முக்கியமான கேள்வி: உங்கள் இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் விண்டோஸ் என்றால் 8 ஜிபி போட்டாலும் மூன்று, மூன்றேகால் ஜிபிக்கு மேல் அது பயன்படுத்தாது. 4 ஜிபி முகவரி வெளியில் ஒரு பகுதியைச் சாதனங்கள் எடுத்துக்கொள்கின்றன.

பழையபெட்டி:

அதை முன்பே பார்த்துவிட்டேன், 64 பிட்தான்.

சில்லுமேசை:

அப்படியென்றால் பயாஸில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் சிலவற்றில் மெமரி ரீமேப் என்ற அமைப்பு இருக்கும். அது அணைந்திருந்தால் 64 பிட் இயங்குதளத்திலும் 4 ஜிபிக்கு அருகில் உள்ள ஒரு பகுதி காணாமல் போகும்.

பழையபெட்டி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். புதிதாக விற்கும் 4 ஜிபி ஸ்டிக்குகளில் நான் பார்த்தவை எல்லாமே எட்டுச் சில்லுகள் கொண்டவை. அதனால் பயன்படுத்திய ஸ்டிக்குகளைத்தான் தேட வேண்டியிருந்தது. முதலில் பேசியவர் அனுப்பிய படத்தில் பதினாறு சில்லுகள் இருந்தன, மகிழ்ச்சியோடு பணம் அனுப்பப் போனவன் தொடுமுனை சொன்னது நினைவுக்கு வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளில் 1ஆர்எக்ஸ்4 என்று இருந்தது. விட்டுவிட்டேன். இரண்டாமவரிடம் 4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யு என்ற ஸ்டிக் இரண்டு கிடைத்தன.

பொருத்தியதும் ஒரு ஸ்டிக் மட்டும் பயாஸில் தெரிந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. மின்சாரத்தைத் துண்டித்து, தெரியாத ஸ்டிக்கின் பொன்னிறத் தொடுமுனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இரு பக்கக் கொக்கியும் தானாக மூடும் வரை அழுத்திப் பொருத்திய பிறகு பயாஸ் 8192 எம்பி என்று காட்டியது. வேகம் 1066. ரீமேப் அணைந்துதான் இருந்தது, இயக்கிவிட்டேன். இயங்குதளத்தில் 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. உள் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்ட பங்கு அது என்று புரிந்துகொள்கிறேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை.

முதலில் வாங்கிய இரண்டு ஸ்டிக்குகளும் நண்பரின் கணினிக்குப் போய்விட்டன. அங்கே இரண்டும் முழுமையாக 4 ஜிபி என்றே தெரிகின்றன.